சல்யூட் ஏட்டும் தூதரகக் காரும்

குற்றம் செய்தவருக்கு முதலில் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, அதன்பிறகே வழக்கு எழுதிய காவலர் உலகத்திலேயே ஒருவர்தான். எண்பதுகளில் அவர் அருப்புக்கோட்டையில், எங்கள் நெசவாளர் தெருமுனையில் நின்றார். சல்யூட் ஏட்டு என்பதைத் தவிர அவருக்கு வேறு பெயர் இருந்ததாக நான் அறியேன்.

"நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்காமல் எங்கள் ஊரில் எவரும் வண்டி ஓட்டியதில்லை. ஒருநாள் புல்லட்டில் மூவராக வந்தவர்களில் ஒருவர், தாம் எம்.எல்.ஏ.வின் மைத்துனர் என்றார். ஏட்டு சல்யூட் அடித்தார்.

"இந்த மாசத்துல நீங்க ஒம்பதாவது மச்சினன். அவுக வீட்டம்மாகூடப் பெறந்தவுக மொத்தம் எத்தன பேருய்யா?"

பரளச்சியிலிருந்து விளக்கில்லாத மொபெட்டில் வந்த சபை ஊழியக்காரர், "கர்த்தர் காரியமாப் போறேன்" என்றார். மறுபடி சல்யூட். "அவருகிட்டயே கேட்டு ஒரு பல்பு வாங்கிப் போட்டிருக்கலாமே, அய்யா?"

மேலதிகாரியின் ஜீப்புக்கும் இதே மரியாதையைச் செய்ததால் நரிக்குடிக்கு மாற்றப்பட்டு, ஆறு மாதம் ஆட்டுமந்தைகளை ஒழுங்குபடுத்திவிட்டுத் திரும்பினார். இன்னொரு புகார் வந்தால் வேலையே போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள்.

அந்த நிலையில்தான் ஒரு காலையில், நீல நம்பர் பலகை மாட்டிய கார் ஒன்று கார்களுக்குத் தடைசெய்யப்பட்ட எங்கள் தெருவுக்குள் பாய்ந்து, பால்காரரின் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றது. பின்னிருக்கையில் திருச்சுழி கோயிலுக்குப் போகும் வெளிநாட்டுத் தூதரக அதிகாரி. ஓட்டுநர் சென்னைக்காரர்.

"இன்னாய்யா, எம்பஸி வண்டி தெரியல? கை வச்சா டெல்லிலேர்ந்து போன் வரும்!"

ஏட்டு சல்யூட் அடித்தார். ஆனால் வழக்கு எழுதும் நோட்டை எடுக்கவில்லை. பஞ்சுக்கடைத் தொலைபேசியில் நிலையத்தைக் கேட்டார். தொடாதே, சாவியை எடுக்காதே, உடனே விட்டுவிடு என்று பதில் வந்தது. பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்த நான் டீக்கடையில் இருந்தேன். ஏட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, அவன் கண்ணப் பாத்தீகளா? ராப்பூரா ஓட்டிருக்கான். திருச்சுழி ரோட்டுல இப்பப் பூராம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக நடந்து போகும்."

விட்டால் பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து; பிடித்தால் அவருடைய வேலை போய்விடும்.

காருக்கு முன்னால் பாவு கிடந்தது. தறியில் ஏற்றுமுன் கஞ்சி தோய்த்த நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். அது காயும்வரை கலெக்டர் வண்டியும் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டம். ஏட்டு நெசவாளி சுப்பக்காவிடம் போனார்.

"யக்கா, காருக்குப் பின்னாடி எடம் சும்மாத்தான கெடக்கு?"

சுப்பக்கா ஓட்டுநரின் சிவந்த கண்களை ஒருமுறை பார்த்தார். "எங்க வீட்டுப் பாவும் நாளைக்குப் போட வேண்டியதுதான். இன்னைக்கே போட்டாப் போச்சு."

பத்து நிமிடத்தில் காருக்குப் பின்னாலும் நூல் நீண்டுவிட்டது. ஓட்டுநர் குதித்தார். ஏட்டு பணிவாகச் சொன்னார்: "வண்டிய நாங்க நிறுத்தல. நீங்க தாராளமாப் போகலாம். பாவு காயணும், அம்புட்டுத்தான்."

அதிகாரிக்கு நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரித்துவிட்டுக் கேமராவுடன் இறங்கி, சுப்பக்கா நூலைப் பிரிப்பதைப் படமெடுக்கத் தொடங்கினார். ஓட்டுநர் கால் மணி நேரம் ஏசினார். பிறகு ஸ்டியரிங்கில் தலைசாய்த்துக் குறட்டை விட்டார். அவராக விழித்தெழும்வரை இரண்டு பாவுகளும் காயவில்லை. புகார் எதுவும் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, மதுரையில் ஒரு சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது உண்மை தெரிந்தது. கைது செய்யக் கூடாது என்ற அந்தச் சலுகை அயல்நாட்டு அதிகாரிகளுக்கு உரியது. உள்ளூரில் அமர்த்திய ஓட்டுநருக்குப் பொருந்தாது. ஏட்டு அவரை அன்றே நிலையத்துக்கு அழைத்துப் போயிருக்கலாம். ஊருக்குப் பஸ் ஏறி வந்து, ஓய்வுபெற்றிருந்த அவரிடம் இதைச் சொன்னேன்.

"நல்லவேள, தெரியாமப் போச்சு தம்பி. ஸ்டேஷன் பெஞ்சுல அவனுக்குத் தூக்கம் வந்திருக்குமா?" என்றவர், சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "திரும்பிப் போகையில மெட்ராஸுக்குப் பத்திரமாப் போய்ச் சேந்திருப்பான்ல?"

சேர்ந்திருப்பார் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.