சூசைமாணிக்கம் கொல்லப் பார்த்த சௌசௌக் கொடி

அந்தக் கொடியைக் கொன்றுவிடுவது என்று சூசைமாணிக்கம் முடிவெடுத்தபோது அவருக்கு அதன்மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. சௌசௌ பிடிக்காது, அவ்வளவுதான். கூட்டு என்ற பெயரில் அது தட்டில் விழும்போதெல்லாம், இது காயா, இல்லை காய் குளித்த தண்ணீரா என்று சந்தேகப்படுவார். அதற்காக ஒரு செடியின் உயிரை எடுக்கும் அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை. விஷயம் வேறு. அந்தக் கொடி காய்த்துவிட்டால் அவர் இன்னும் மூன்று வருஷம் கொல்லிமலையிலேயே கிடக்க வேண்டும்.

சூசைமாணிக்கத்துக்கு மலைமேல் செம்மேட்டில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் உதவியாளர் வேலை. சொந்த ஊர் மணப்பாறை. மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்தே அவருக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை. கீழே போக பஸ் ஏறினால் ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறுகையில் பிளாஸ்டிக் பை. பாதி வளைவு தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழம் தோற்றுப்போய், பை ஜெயித்துவிடும். ஆன்லைனில் எதையாவது வாங்கினால் கூரியர்காரர் அடிவாரத்திலிருந்து போன் போட்டு, "வந்து வாங்கிக்கிறீங்களா சார்?" என்பார். மழைக்காலத்தில் துவைத்துப்போட்ட பனியன் காய்வதற்குள் அதன்மேல் பாசி பிடிக்கும் என்று அவர் அலுவலகத்தில் சத்தியம் செய்திருக்கிறார்.

அவர் மனைவி பிரிசில்லாவும் மணப்பாறைதான். ஆனால் அந்த ஊர் வெயிலில் வெந்து வளர்ந்தவளுக்குச் சித்திரை மாதத்தில் மின்விசிறி இல்லாமல் போர்த்திக்கொண்டு தூங்க முடிகிறதே என்ற அதிசயம் இரண்டு வருஷமாகியும் தீரவில்லை. இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"நாமக்கல்ல வீடு பாத்துட்டேன் பிரிசில்லா. மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு."

"மண்ணு இருக்கா?"

"மூணாவது மாடியில மண்ணு எப்படி இருக்கும்?"

"அப்ப நான் எப்படி இருப்பேன்?"

"மண்ணை வெச்சு என்ன சாதிச்சுட்ட? தக்காளி அழுகிப்போச்சு. கத்தரிய பூச்சி தின்னுச்சு. கொத்தமல்லி முளைக்கவே இல்ல."

பிரிசில்லா உள்ளே போய் ஒரு சௌசௌக்காயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பக்கத்துத் தோட்டத்து அம்சவேணி கொடுத்தது. அதன் வாயைப் பிளந்துகொண்டு ஒரு முளை, நாக்கைத் துருத்துவதுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதை முழுசா அப்படியே நடப்போறேன். கிறிஸ்துமஸுக்குள்ள காய் பிடிச்சா இங்கேயே இருப்போம். பிடிக்கலைன்னா நீங்க சொல்ற மூணாவது மாடிக்கு வாயத் தொறக்காம வர்றேன்."

சூசைமாணிக்கம் உடனே ஒத்துக்கொண்டார். பிரிசில்லா வாயைத் திறக்காமல் வருவதை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மாற்றல் வேண்டுமா என்று அலுவலகத்தில் டிசம்பர் கடைசியில்தான் கேட்பார்கள். அதை விட்டால் அப்புறம் மூன்று வருஷம் கழித்துத்தான். கணக்கு சரியாக இருந்தது.

ஆனி மழை பிடித்தது. கொடி மட்டும் கணக்கில் அடங்காமல் கிளம்பியது. காலையில் கணுக்காலுக்கு இருந்தது, ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் முழங்காலுக்கு வந்தாற்போல அவருக்குத் தோன்றியது. பயந்துபோய்க் கைபேசியில் தேடினார். சௌசௌ வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருந்தது. கெடுப்பது எப்படி என்று சொல்லித்தர ஒரு ஆத்மாகூட இல்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால் சாயங்காலத்துக்குள் அது பிரிசில்லா காதுக்குப் போய்விடும்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பிரிசில்லா தினமும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தோட்ட வீடியோவாகப் பார்க்கிறாள். எது ஆகும் எது ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அவள் எதைச் செய்யாதே என்கிறாளோ அதைச் செய்தால் போதாதா? எதிராளியின் வாயிலிருந்தே ஆயுதத்தை வாங்குகிறோம் என்று நினைத்தபோது அவருக்கே தன் மூளைமேல் ஒரு மரியாதை வந்தது.

முதல் ஆயுதம் அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே கிடைத்தது.

"என்னங்க, மழை ஊத்துது. யாராவது கொடியச் சுத்தி வாய்க்கா கீய்க்கா வெட்டி வெச்சிடப் போறாங்க. தண்ணி வடிஞ்சுட்டா அந்த வேரு செத்துரும்."

"யாரு வெட்டப்போறா?" என்றார் சூசைமாணிக்கம், ரசத்தைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து மண்வெட்டியோடு இறங்கினார். கல்லூரி நாட்களுக்குப் பிறகு அவர் தூக்கிய கனமான பொருள் அலுவலக முத்திரைதான். கை கொப்பளித்தது. ஆனாலும் கொடியின் வேரைச் சுற்றித் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதையும் பள்ளத்துப் பக்கம் வடியவிட்டார். அந்த வாரம் கொடி, பிரிசில்லா கழிகட்டிப் போட்டிருந்த பந்தலைத் தொட்டது.

அடுத்தது கொழுந்து. "பந்தல்ல ஏறிடுச்சு. இனி நுனிக்கொழுந்துல மட்டும் யாரும் கை வெச்சிடக் கூடாதுங்க" என்றாள் பிரிசில்லா. ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகாமல் தங்கிவிட்டார் சூசைமாணிக்கம். மணிச்சத்தம் கேட்கும்போது பந்தலடியில் நாற்காலி போட்டு ஏறி, நகத்தால் நுனியைக் கிள்ளினார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டுதான் கிள்ளினார். அவள் திரும்பி வந்தபோது நெற்றி நிறையத் தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்தார். கிள்ளிய இடத்துக்குக் கீழே கணுவுக்குக் கணு பக்கக்கிளை வெடித்து, பந்தல் வழியே தெரிந்த வானத்தை மூடியது.

அம்சவேணி வீட்டு எருக்குழிக் குப்பை சூடு, அது பட்டால் வேர் கருகிவிடும் என்று பிரிசில்லா கவலைப்பட்டபோது, விடிந்தும் விடியாமலும் கோணிப்பையோடு அங்கே போய் நின்றார். வருஷக்கணக்காக மக்கிக் கறுத்த எரு அது. முதுகில் சுமந்துகொண்டு மேட்டில் ஏறியவரை அம்சவேணி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க சார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க ஊட்டுக்காரரு கொண்டாந்து போட்டிருப்பாருங்களே."

"இல்லம்மா. இது உடற்பயிற்சி."

"ஆருங்க சொன்னது?"

"டாக்டர்."

"நல்ல டாக்டருங்க" என்றாள் அம்சவேணி.

சாம்பல் விஷயம்தான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட இருந்தது. இலையில் வண்டு தெரிகிறது, ஆனால் அடுப்புச் சாம்பல் பட்டால் இலை பொசுங்கிவிடும் என்று பிரிசில்லா சொன்னாள். அடுப்புச் சாம்பலுக்கும் அம்சவேணியிடம்தான் போனார். உடற்பயிற்சிக்குச் சாம்பல் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அள்ளிக் கீழிருந்து மேலே வீசும்போது காற்று திரும்பியது. வீட்டுக்குள் வந்தவரின் தலையையும் மீசையையும் பிரிசில்லா நிதானமாகப் பார்த்தாள்.

"கோயில்ல நெத்தியில பூசுற சாம்பல் புதன் வர இன்னும் மாசக்கணக்கா இருக்கே."

"ரோட்டுல தூசி" என்றார்.

வெளியே ரோடு, ராத்திரி பெய்த மழையில் சேறாகக் கிடந்தது. வண்டுகள் அதோடு காணாமல் போயின.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கொடி சாகவில்லை என்றால் யாருக்குத்தான் ஆச்சரியம் வராது? சூசைமாணிக்கத்துக்கு வந்தது. கோபம் போய், இது எப்படித்தான் பிழைக்கிறது என்ற குடைச்சல் பிடித்துக்கொண்டது. காலையில் டீ டம்ளரோடு பந்தலடியில் போய் நிற்க ஆரம்பித்தார். காற்றில் துழாவிக்கொண்டிருந்த ஒரு பற்றுச்சுருளின் பக்கத்தில், என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று விரலை நீட்டினார். டீ ஆறியது. சுருள் மெதுவாக வளைந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. கைக்குழந்தை பிடித்ததுபோல் இருந்தது அவருக்கு. பிய்த்துவிட்டு வர மனம் வராமல், அதை ஒரு குச்சிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குத் தாமதமாகப் போனார்.

அதன்பிறகு அவர் கேள்விகள் பெருகின. சில பூ மட்டும் கொத்தாக வருகிறதே, சில பூ ஏன் தனியாக வருகிறது? தேனீ இந்தப் பூவை விட்டு ஏன் அந்தப் பூவுக்குப் போகிறது? எதிரியைத் தெரிந்துகொள்வது நல்லதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, தனியாக நின்ற பூவுக்குப் பின்னால் அதைக் கண்டார். சுண்டுவிரல் நுனியளவு பிஞ்சு. மேலெல்லாம் மெல்லிய முள்ரோமம். சௌசௌவின் மடிப்பு, சுருக்கம் எல்லாம் அப்போதே அதன் முகத்தில் இருந்தது. நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளினால் நாமக்கல். மூன்றாவது மாடி. லிஃப்ட். சூசைமாணிக்கம் கையைத் தூக்கினார். தூக்கிய கையால் பக்கத்து இலையை இழுத்துப் பிஞ்சை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அடுத்தடுத்து வந்தவற்றையும் அப்படியேதான் மூடினார். ஒரு பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபக்கம் நாமக்கல் வீட்டு லிஃப்ட் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. மலையை விட்டு இறங்கவும் ஆசை, கொடியை விட்டு இறங்கவும் முடியாது என்றால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

டிசம்பர் பிறந்தது. வாசலில் காகித நட்சத்திரத்தைக் கட்டிவிட்டு பிரிசில்லா பந்தலை அண்ணாந்து பார்த்தாள்.

"காய் ஒண்ணையும் காணோமேங்க."

"எல்லாம் ஆண் பூவா இருக்கும்" என்றார் சூசைமாணிக்கம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"இலையா விட்டு ஏமாத்திருச்சு. சரி, நான் தோத்துட்டேன். சொன்ன வார்த்தை மாற மாட்டேன். நீங்க நாமக்கல்லையே கேட்டுருங்க."

ஜெயித்தவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கொல்லைப்பக்கம் அம்சவேணியின் குரல் கேட்டது. "எல்லாத்தையும் அறுத்துரலாமுங்களா அக்கா?"

"அடியோட அறுத்துரு. மாட்டுக்காச்சும் ஆகட்டும். நாங்கதான் கீழ போறோமே" என்றாள் பிரிசில்லா.

வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக சூசைமாணிக்கம் ஓடினார். பந்தல்காலுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அம்சவேணி பெரிய கூடையோடு நின்றிருந்தாள்.

"யாரும் தொடாதீங்க. காய் இருக்கு."

"எங்க இருக்கு?" என்றாள் பிரிசில்லா.

அவர் நுரையைத் துப்பினார். ஒவ்வொரு இலையாக விலக்கிக் காட்டினார். இங்கே ஒன்று. இதோ இரண்டு. உள்ளங்கை அளவுக்குப் பெருத்தது அந்த மூலையில். காட்டக் காட்ட அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. "இதையெல்லாம் விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன். நாமக்கல் வேண்டாம். மூணு வருஷம் இல்ல, முப்பது வருஷம் ஆனாலும் இங்கயேதான்."

"நான் சொல்லலையே, நீங்கதானே சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

"அப்ப சரி." பிரிசில்லா ஒரு பிஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் பிடிச்சிருக்கு. வாய்க்கா வெட்டாம இருந்திருந்தா ஆனியிலயே வேரழுகிப் போயிருக்கும்."

"ஆமா" என்றார் சூசைமாணிக்கம். பிறகு நிறுத்தினார். "வெட்டக்கூடாதுன்னுதானே சொன்ன?"

"ஆமா, சொன்னேன். வெட்டினீங்களா?"

"கொழுந்து?"

"கிள்ளினாத்தானே பக்கக்கிளை வரும்."

"எரு? சாம்பல்?"

"வாங்கன்னு கூப்பிட்டா என்னிக்காவது மண்வெட்டிய எடுத்திருக்கீங்களா? தக்காளிக்குக் கூப்பிட்டேன், கத்தரிக்குக் கூப்பிட்டேன். பேப்பர் படிச்சீங்க."

சூசைமாணிக்கத்துக்குக் கை கொப்பளித்ததும், முதுகு பிடித்துக்கொண்டதும், தைலம் தடவியதும் வரிசையாக ஞாபகம் வந்தன. வீட்டில் இழந்த கௌரவத்தைப் பக்கத்து வீட்டிலாவது கொஞ்சம் மீட்கலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு அம்சவேணியிடம் திரும்பினார்.

"நீங்க போங்கம்மா. இங்க இனி அருவாளுக்கு வேலை இல்ல."

"நான் அருவா கொண்டாரவே இல்லீங்க சார்" என்றாள் அம்சவேணி. "காய் பறிக்கக் கூடை மட்டும் போதும்னு அக்கா நேத்தே சொல்லிட்டாங்க."