நிற்பதற்கு ஊதக் கூடாது

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க எத்தனையோ ராஜாக்கள் படை திரட்டி வந்தார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டைப் பிடித்த ஆள் ஒருவர்தான். அவர் விசில்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. அறுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் மாஸ்டர். நான் தொண்டூரிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் கணக்கு வாத்தியார், வேலைக்குப் புதுசு. காக்கி அரை டிரவுசர், கஞ்சி போட்டு முறுக்கிய வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் பித்தளை விசில். இதுதான் அவர். கல்யாண வீட்டுக்கும் இப்படித்தான் வருவார், கருமாதிக்கும் இப்படித்தான்.

மாலையில் பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். எந்த ஊருக்கும் போவதற்காக அல்ல. அவலூர்பேட்டை பஸ்ஸில் ஜனங்கள் முட்டி மோதி ஏறுவதைப் பார்த்தால் அவருக்கு உடம்பு எரியும். ஒரு நீள ஊதல். ஊரே திரும்பும்.

"உயர வரிசை! குள்ளம் முன்னால, நெட்டை பின்னால!"

உயரத்துக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"முதல்ல வந்தவன் முதல்ல ஏறுன்னா, எல்லாருமே நான்தான் முதல்ல வந்தேன்னுவான் சார். உயரத்துல எவனும் பொய் சொல்ல முடியாது."

முட்டியை மடக்கிப் பொய் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. வேட்டி மேல் ஒரு தட்டு தட்டுவார், ஆள் நிமிர்ந்துவிடுவான். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். சைக்கிள் பஞ்சரான நாட்களில் பஸ் ஏறினால் எனக்கு எப்போதும் சீட்டு கிடைத்தது. அதனால் எனக்கு அந்த முறையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

குறை தெரிந்தவர் மண்டி முதலாளி. ஆறடிக்கு மேல். மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அவலூர்பேட்டையில் கொள்முதல், வாரம் மூன்று தடவை பஸ்ஸில் போக வேண்டும். மூன்று தடவையும் கடைசி ஆளாக ஏறிப் படியில் தொங்கிக்கொண்டு போவார். இதில் வேடிக்கை என்னவென்றால், அரசாங்க உதவியில் ஓடும் எங்கள் பள்ளிக்கூடத்தின் நிர்வாகியே அவர்தான். தன்னிடம் சம்பளம் வாங்குகிறவன் தன்னைப் படியில் தொங்கவிடுகிறான் என்றால் எந்த முதலாளிக்குப் பொறுக்கும்?

பள்ளியில் இருந்த ஒரே ஃபுட்பால் நான் சேரும் முன்பே வெடித்துப் போயிருந்தது. விசில் புதுப் பந்து கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். அது வரும் வரை பந்து இல்லாமலே ஃபுட்பால் சொல்லிக் கொடுத்தார். இந்தப் பக்கம் பதினோரு பேர், அந்தப் பக்கம் பதினோரு பேர், நடுவில் காற்று. கோல் விழுந்ததா இல்லையா என்று பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். விசில் ஒரு ஊது ஊதி, "ஆஃப்சைடு" என்பார். அடங்கிவிடுவார்கள்.

அவருடைய ஊதலுக்கு ஒரு சட்டம் உண்டு. நீளமாக ஒன்று ஊதினால் வரிசை. குட்டையாக ஒன்று என்றால் வலப்பக்கம் திரும்பு. குட்டையாக இரண்டு என்றால் நட. விடாமல் ஊதினால் ஓடு. நிற்பதற்கு மட்டும் ஊதல் கிடையாது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வலது கையைத் தூக்குவார். முந்நூறு பிள்ளைகளும் ஆணி அடித்த மாதிரி நிற்பார்கள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு எங்கள் பள்ளிக்கூடம் என்ன மரியாதை செய்தது தெரியுமா? ஒவ்வொரு ஏப்ரலிலும், கடைசி வேலை நாளில், ஒரு கடிதம் கொடுத்தது. 'தங்கள் பணி இத்துடன் முடிகிறது.' ஜூனில் புது ஆள் மாதிரி மறுபடி சேர்த்துக்கொள்ளும். கோடை லீவுக்குச் சம்பளம் தர வேண்டாம், பணிக்காலமும் ஏறாது. எனக்கும் அந்தக் கடிதம் வந்தது. விசிலுக்குப் பதினோரு வருடம் வந்தது. பதினோரு தடவை அவர் புது வாத்தியார். விசில் பள்ளிச் சொத்து என்பதால் ஏப்ரலில் அதையும் கழற்றி ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். மே மாதம் வெறுங்கழுத்தோடு போகிறவரை ஊரில் பாதிப் பேருக்கு அடையாளமே தெரியாது. எங்கே போவார்? அதே முதலாளியின் மண்டிக்கு, மூட்டை எடை போட. கடிதம் கொடுத்து அனுப்பிய கையே மூட்டையைக் காட்டும். வாத்தியாருக்கு வருஷம் பூரா லீவு என்று திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு மாசி மாதம் நாங்கள் ஸ்டிரைக்கில் இறங்கினோம். சம்பளம் உயர வேண்டும், ஏப்ரல் கடிதம் ஒழிய வேண்டும், மழையில் ஒழுகும் கூரையை மாற்ற வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு விறகு பொறுக்கும் வேலையை வாத்தியார் தலையில் கட்டக் கூடாது. இதில் எது பேராசை?

ஊர் எங்கள் பக்கம் இல்லை. கடைத்தெருவில் நடக்க முடியாது. "இன்னா வாத்தியாரே, லீவு போதலையா?" என்பான் ஒருவன். "பாடம் சொல்றவன் கோஷம் போட்டா பசங்க இன்னாத்த கத்துக்கும்?" என்பான் இன்னொருவன். எங்கள் வீட்டிலேயே நைனா தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏண்டா, வாத்தியார் வேலைன்னா கௌரவம்டா. கூலிக்காரன் மாதிரி மரத்தடியில குந்திக்கினு கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"கூலிக்காரனுக்கு மே மாசமும் கூலி உண்டு நைனா" என்றேன். அடி விழாதது என் வயதுக்குக் கொடுத்த மரியாதை.

முதல் நாள் காலை நாங்கள் பள்ளிக்கு எதிரே வேப்பமரத்தடியில் கூடினோம். விசில் நேராக மண்டிக்குப் போனார். நானும் கூடப் போனேன். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி முதலாளி மேஜை மேல் வைத்தார்.

"ஸ்டிரைக் பண்றவன் கழுத்துல ஸ்கூல் சாமான் இருக்கக் கூடாது மொதலாளி. ரசீது குடுங்க."

முதலாளி சிரித்தார். "மத்தவனுங்க கேக்குறதுலயாவது நியாயம் இருக்குது. நீ இன்னாய்யா பண்ற? இத ஊதுற. ஊதறதுக்கு ஒரு சம்பளம், அதுக்கு ஒரு உயர்வு! திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். வரலன்னா மொதல்ல உன்னத்தான் எடுப்பேன். நானே ஊதிக்கிறேன்."

"ரசீது" என்றார் விசில். வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். வெளியே வந்ததும் சட்டைக் காலரைத் தடவினார். கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

மரத்தடியில் நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து அவருக்கு ரத்தம் கொதித்தது. ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். இரண்டு பேர் ஆடுபுலி ஆட்டம். எதிர்க் கடையில் நாலு பேர் எங்களைக் காட்டிச் சிரித்தார்கள்.

விசில் கையைத் தட்டினார். "எழுந்திருங்க சார்! உயர வரிசை!"

அன்றிலிருந்து எங்கள் ஸ்டிரைக்குக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கப்பட்டது. ஒன்பதேகாலுக்கு ஆஜர், பன்னிரண்டரைக்கு இடைவேளை, நாலரைக்குக் கலைதல். படுக்கக் கூடாது, வெற்றிலை துப்பக் கூடாது. எங்கள் தமிழ் ஐயா, நல்ல கனமான உடம்பு, ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமாக வந்தார்.

"ஸ்டிரைக்குக்கு லேட்டா வரலாமா ஐயா? வெளிய நில்லுங்க."

"யோவ், நாம எல்லாருமே வெளியேதானய்யா நிக்கிறோம்!"

"அப்ப இன்னும் கொஞ்சம் வெளிய."

பாவம், தமிழ் ஐயா வெயிலில் போய் நின்றார். எதிர்க் கடையில் சிரித்த நாலு பேரும் அன்று சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை வரை பொறுக்காமல், வியாழக்கிழமையே முதலாளி தானே ஊத வந்தார். வெள்ளை வேட்டி, ஜரிகைத் துண்டு, கழுத்தில் விசில். வாத்தியார் இல்லாமலே பள்ளி நடக்கும் என்று காட்ட ஊரைக் கூட்டியிருந்தார். பிள்ளைகளையும் வீடு வீடாக ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். மைதானத்தில் முந்நூறு பிள்ளைகள் சந்தைக்கடையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நாங்கள். விசில் எங்கள் வரிசையில், கை கட்டி.

முதலாளி மூச்சை இழுத்து நீளமாக ஒன்று ஊதினார்.

அடுத்த நொடி முந்நூறு பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. கடைத்தெருக்காரர்கள் கைதட்டினார்கள். நான் எங்கள் வரிசையில் நின்ற விசிலைப் பார்த்தேன். முகம் கல் மாதிரி இருந்தது. பதினோரு வருட உழைப்பு அவர் வேலைக்கே உலை வைத்துக்கொண்டிருந்தது.

முதலாளி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்து, "அவ்ளோதானய்யா வேல?" என்றார். அந்தச் சந்தோஷத்தில் குட்டையாக இன்னொன்று ஊதினார்.

பிள்ளைகள் வலப்பக்கம் திரும்பினார்கள். அந்தப் பக்கம்தான் கேட்டு.

எதற்குத் திரும்பினார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. பழையபடி திருப்ப நினைத்து இரண்டு ஊதினார். நடந்தார்கள். கேட்டைத் தாண்டினார்கள். தார் ரோடில் ஏறினார்கள். முதலாளிக்குப் பயம் பிடித்துவிட்டது. நிறுத்துவதற்காக விட்டு விட்டு ஊதினார், பிறகு விடாமல் ஊதினார். அவ்வளவுதான். முந்நூறு பிள்ளைகளும் வரிசை குலையாமல், முட்டியை உயர்த்தி, கடைத்தெரு வழியே கோட்டையைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்கள். பின்னால் ஆறடி முதலாளி ஒரு கையில் வேட்டி, வாயில் விசில். அவர் ஊத ஊதப் பிள்ளைகள் ஓட, பிள்ளைகள் ஓட ஓட அவர் ஊத.

கீரை விற்கிற அம்மா கூடையை இழுத்துக்கொண்டு கத்தினாள். "இன்னா மொதலாளி, இம்மாம் பசங்கள எங்க ஓட்டிக்கினு போற, சந்தைக்கா?"

பிள்ளைகளுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் தெரியும். படுபாவிகள், எல்லாமே தெரியும்.

கால் மணி நேரத்தில் முதலாளி திரும்பி வந்தார், வேப்பமரத்தடிக்கு. துண்டைக் காணோம். மூச்சு விட முடியவில்லை.

"வாத்தியாரே... நிக்கறதுக்கு... இன்னா ஊதணும்?"

"நிக்கறதுக்கு ஊதக் கூடாது மொதலாளி."

"கோட்டகிட்ட போயிட்டாங்கய்யா! ராஜகிரி மல மேல ஏறிட்டா இந்த வெயில்ல எவன் பதில் சொல்றது? கொஞ்சம் வாய்யா!"

தமிழ் ஐயா விசிலின் கையைப் பிடித்தார். "போகாத. போனா ஸ்டிரைக் முறிஞ்சுடும்." நான்கூட அதைத்தான் சொன்னேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கம்.

விசில் ஒரு நிமிடம் பள்ளிக் கேட்டைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். என் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். கோட்டை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளைகளைப் பிடித்தோம். முதலாளி திரும்பிய பிறகு ஊத ஆளில்லை. இருந்தும், சொல்லாமல் நிற்கக் கூடாது என்று ஓடிக்கொண்டே இருந்தார்கள். விசில் அவர்களுக்கு முன்னால் போய் இறங்கினார். வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கினார்.

நின்றார்கள். முந்நூறும்.

திரும்பி வரும்போது அவர்தான் முன்னால் நடந்தார். கடைத்தெருவே இரண்டு பக்கமும் எழுந்து நின்று பார்த்தது. பள்ளிக் கேட்டு வரை கொண்டுவந்து பிள்ளைகளை உள்ளே அனுப்பினார். அவர் கால் மட்டும் கேட்டுக்குள் படவில்லை.

"உள்ள வாய்யா" என்றார் முதலாளி.

"வெளிய நடந்தா அது நடை மொதலாளி. உள்ள நடந்தா வேலை. வேலைக்குத்தான் ஸ்டிரைக்." ரோட்டைத் தாண்டி வந்து வரிசையில் தன் இடத்தில் நின்றுகொண்டார். வாத்தியாராக இருப்பதற்கு அதற்கு முன் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

மறுநாள் யாரும் சொல்லாமலே மரத்தடிக்கு மோர்ப்பானை வந்தது. கீரைக்கார அம்மா வந்து, "எம்பையன நிறுத்தத் தெரிஞ்ச ஒரே ஆளு இவருதான். இவரயா வூட்டுக்கு அனுப்புவீங்க?" என்று மண்டி வாசலில் நின்று கேட்டாள். கடைக்காரர்களும் கேட்டார்கள். திங்கட்கிழமை யாரும் நீக்கப்படவில்லை. சம்பள உயர்வு அரசாங்கத்தின் கையில். அது நாங்கள் கேட்டதில் பாதிகூட வரவில்லை. கூரை அடுத்த மழைக்கும் ஒழுகியது. ஆனால் ஏப்ரல் கடிதம் இனி இல்லை என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டிரைக் முடிந்தது, பித்தளை விசில் பழைய கழுத்துக்கே திரும்பியது. கூடவே ஒரு புது ஃபுட்பாலும் அனுப்பினார். பந்து வந்த பிறகு எங்கள் டீம் தோற்க ஆரம்பித்தது, அது வேறு விஷயம்.

அந்த ஏப்ரலின் கடைசி நாள் விசில் பழக்க தோஷத்தில் ஆபீசுக்குப் போய்க் கயிற்றைக் கழற்றினார்.

"கழுத்துலயே இருக்கட்டும்யா" என்றார் முதலாளி. "ஜூன்ல வந்து ஊது."

ஜூன் வரை அவரால் பொறுக்க முடியுமா? மே மாதம் பூராவும், காலையும் மாலையும், பஸ் ஸ்டாண்டில்தான். செஞ்சி ஜனங்கள் அந்த வெயிலில் உயர வரிசையில் நின்று வெந்தார்கள். வரிசைக் கடைசியில் மண்டி முதலாளி.

விசில் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது பஸ் வந்தால் எல்லோரும் ஓடிப்போய் முட்டுகிறார்கள். நான் மட்டும் ஒரு நிமிடம் நின்று, என்னைவிடக் குள்ளமாக யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.