பிளக் ஓட்டையைக் குளவி பிடித்த சருக்கம்

வாழி கோலப்பன்! பத்மநாபபுரத்துக் கோட்டை மதிலுக்குக் கூப்பிடு தொலைவில் குழாய்க்கடை நடத்தி, ஊரிலுள்ள ஒழுகும் குழாய்களை எல்லாம் அடக்கி, சொந்த அடுக்களைக் குழாயை மட்டும் எட்டு வருடமாக ஒழுகவிட்டிருக்கும் செம்மல், வாழி! பனியன் அணிந்த மார்பன், ரிமோட் ஏந்திய வலக்கையன், மனைவி தாணம்மாளின் செருமலுக்கே எழுந்து நிற்கும் பெருந்தகை, வாழி! ஐம்பத்தெட்டு வயதில் அவன் ஒரு குளவியோடு பொருத பெருங்கதையைச் சொல்லப் புகுந்தோம். சிரிக்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எங்களுக்கு ஒன்றும் நட்டமில்லை.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, பங்குனிப் பாதி. வேளிமலை முகட்டிலிருந்து கோடை இடி உருண்டு இறங்கிய ஒரு திங்கட்கிழமை மாலையில், இந்நாட்டார் எல்லோரும் செய்வதையே கோலப்பனும் செய்தான்: முதல் இடிக்கே பாய்ந்து டிவியின் பிளக்கைப் பிடுங்கினான். இடிக்கு டிவியைப் பறிகொடுத்த வீடு தெருவுக்கு ஒன்று இருக்கையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை விட்டபின் திரும்பக் குத்த வேண்டாமா? கேபிள் இரண்டு நாள் செத்துக் கிடந்ததால் அவன் குத்தவில்லை. காவலில்லாக் கோட்டையை எந்தப் பகைவன் விடுவான்? நூலிடையாள், கருமேனியாள், மஞ்சட்காலாள், சேறு சுமந்த வாயாளாகிய ஒரு மண்குளவி, ஜன்னல்வழி புகுந்து, கூடத்துச் சுவரில் மூன்று கண்ணும் விழித்துக் கிடந்த அந்த ஓட்டைகளைக் கண்டு, கண்டதுமே பிடித்துப்போய், வாய் வாயாய் மண் கொணர்ந்து குழைத்து அப்பி, புதன் காலைக்குள் ஒரு நெல்லிக்காய்ப் பருமனில் தன் மாளிகையை எழுப்பிவிட்டாள். அந்தச் சனிக்கிழமைதான் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்.

பொறுப்பானா கோலப்பன்? தலைக்கு ஹெல்மெட்டும், மேனிக்கு மழைக்கோட்டும், கைக்குக் கொசு பேட்டும் பூண்டு, பிளாஸ்டிக் நாற்காலி என்னும் நாற்கால் யானைமீது ஏறி நின்று, 'இன்று நீ, அல்லது நான்' என்று சூளுரைத்தான். கொசு பேட்டிலோ சார்ஜ் இல்லை. அதற்குச் சார்ஜ் போடுவதும் அதே ஓட்டையில்தான். ஆயினும் தளராது, இடம் வீசி, வலம் வீசி, முன்னும் பின்னும் சுழன்று வீசி, ஒரு வீச்சில் நாட்காட்டியையும் மறுவீச்சில் குலதெய்வப் படத்தின் மாலையையும் வீழ்த்தி, மூன்றாம் வீச்சில் யானை கால் மடங்க, நடுக்கூடத்தில் அவன் மல்லாந்து விழுந்த ஓசை மூன்று வீடு தாண்டிக் கேட்டது. குளவி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வாய் மண்ணுக்குப் போய்விட்டாள். மண்குளவி லேசில் கொட்டாது என்பதை யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாம்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன், பகைவி வெளியே போன சமயம் பார்த்து, கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்குரூ டிரைவரை ஓங்கினான். அவ்வமயம் அடுக்களையினின்றும் அகப்பையோடு வெளிப்பட்டாள் தாணம்மாள். ஓங்கிய கையின்மேல் அகப்பை விழுந்தது. பின்பு ஆணை பிறந்தது:

"அதத் தொட்டுராதீங்க, கேட்டேளா. நம்ம ரேஷ்மிக்க நேரமாக்கும் அது."

கோலப்பனுக்கு உடனே விளங்கிற்று. மண்குளவி கூடு கட்டிய வீட்டுப் பெண்ணுக்குக் கரு உண்டாகும் என்பதை அறியாதார் இந்நாட்டில் இல்லை; கலைத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரேஷ்மி அவர்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து நாலு வருடம். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் 'மகளுக்கு விசேஷம் உண்டுமா?' என்று கேட்கிறார்கள் என்பதற்காகத் தாணம்மாள் ஆறு மாதமாகக் கல்யாண வீடுகளுக்கே போவதில்லை. டீக்கடையில் வாழைப்பழம் தோய்த்துப் பழம்பொரி பொரிக்கும் வாசம் வந்தால்கூட வாசல்படி தாண்டுவதில்லை. அதைச் சொல்லுகையில் அவள் அகப்பையே தாழ்ந்தது. ஸ்குரூ டிரைவர் தானாகவே தாழ்ந்தது.

அன்றுமுதல் பகைவன் காவலன் ஆனான்! ஆகா, என்ன காவல்! துடைப்பத்தைக் கூடத்துக்குள் விடவில்லை. பல்லி ஒன்று சுவரில் தலைகாட்ட, பழைய செய்தித்தாளைச் சுருட்டி அதை அடுத்த அறைவரை துரத்தினான். சுழலும் இறகில் குளவி மாட்டிவிடக் கூடாதென்று பங்குனி வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பனியனைப் பிழிந்து பிழிந்து உடுத்தினான். டார்ச் அடித்து மண்ணின் நிறம் பார்த்து, களிமண்ணானால் ஆண், செம்மண்ணானால் பெண் என்று ஆராய்ந்து, செம்மண்தான் எனத் தெளிந்து, 'பெண்பிள்ளையானாலும் நமக்கு ஒண்ணுதான்' என்று தாணம்மாளிடம் பெருந்தன்மையோடு அறிவித்தான். பெயர்கூட யோசித்து வைத்தான்.

வந்தது சனிக்கிழமை. வீட்டில் இன்னொரு பிளக் ஓட்டை உண்டு; அதில் பிரிட்ஜ் குடியிருந்தது, உள்ளே ஒரு வாரத்துக்கான மாவு இருந்தது, அதன் கிட்டே போகத் தாணம்மாள் விடவில்லை. பக்கத்து வீட்டு ததேயுஸ் மதில்மேல் தலைநீட்டி ஆட்டம் பார்க்க அழைத்தார். போனால், 'உங்க டிவிக்கு என்ன வந்தது?' என்று கேட்பார். மகளின் காரியத்தைக் குளவியோடு சேர்த்துத் தெருவுக்குச் சொல்வதா? தலைவலி என்று சொல்லிக் கோலப்பன் கதவைச் சாத்தினான். மதிலுக்கு அப்பால் ஊரே ஆர்ப்பரிக்க, யார் அடித்தார், யார் அவுட் ஆனார் என்று ஒன்றும் தெரியாமல், நெல்லிக்காய்ப் பருமன் மண்ணுக்குக் கீழே நாற்காலி போட்டு, இருபத்தெட்டு வருடம் காத்திருந்த கோப்பைக்குப் புறங்காட்டி உட்கார்ந்திருந்தான் அந்தத் தந்தை. உள்ளதைச் சொன்னால், அவனுக்கு அழுகை வந்தது.

ஞாயிறு பதினோரு மணிக்கு ரேஷ்மி வந்து சேர்ந்தாள். 'ஒரு நல்ல காரியம், நேரில் சொல்லுகேன்' என்று மட்டும் சொல்லித் தாணம்மாள் வரவழைத்திருந்தாள். களியக்காவிளையிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்தவளின் கையில் செத்துப்போன செல்போன். செருப்பைக்கூடக் கழற்றவிடாமல், தாய் வலப்புறமும் தந்தை இடப்புறமும் மெய்க்காப்பாளர்போல் நடக்க, அவளைக் கூடத்துச் சுவர்முன் கொண்டு நிறுத்தினார்கள். தாணம்மாள் கூப்பிய கையோடு தொடங்கி, மண்ணின் நிறம், வெளியே வராத ஆறு மாதம், அப்பா பார்க்காத ஆட்டம் என்று அனைத்தையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

ரேஷ்மி முழுவதையும் கேட்டாள். சுவிட்சை அணைத்தாள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, மாளிகையின் அடியில் கொடுத்து, ஒரு நெம்பு நெம்பினாள். செம்மண் பொலபொலவென்று உதிர, உள்ளிருந்து பாதி உயிரோடு நாலைந்து சிலந்திகள் தரையில் விழுந்தன.

"எம்மா, இதுக்குள்ள எட்டுக்காலிதான் இருக்கு," என்றாள் ரேஷ்மி. "நாங்க ரெண்டுபேரும் இப்பம் வேண்டாம்னு இருக்கோம். போன ஓணத்துக்கு வந்தப்பமே சொன்னேன்லா? நீங்க யாருமே கேக்கல்ல."

அவ்வுரை கேட்டு, வேளிமலை பிளக்கவில்லை. திசைகள் எட்டும் நடுங்கவில்லை. கூப்பிய கையை அம்மை இறக்கவில்லை. ஆட்டம் துறந்த அப்பன் தரையிலிருந்து தலை நிமிரவில்லை. புதுமண் சுமந்து ஜன்னல்வழி மீண்ட மஞ்சட்காலாள், தன் மாளிகை இருந்த இடத்தை இருமுறை வலம்வந்து, தேடித் தேடிப் பார்த்து, வந்தவழியே போனாள். வீரம் விளைந்த அக்கூடத்தில், அடுக்களைக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அப்பெருங்கணத்தில்,

ரேஷ்மி போனுக்குச் சார்ஜ் போட்டாள்.