பாதத் தேர்வு உபகமிட்டி

தாழ்மை என்பது மனிதனுக்குத் தானாக வருவது என்று உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தவறாக எண்ணிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலர், குறைந்தபட்சம் ஓர் உபகமிட்டியாவது வேண்டும் என்ற பேருண்மையைக் கண்டுபிடித்த பெருமை அந்த ஊர்க் கிறிஸ்தவ சபையையே சேரும்.

போன வருஷம் வரை அங்கே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் சாதாரணமாகத்தான் கழிந்தன. உபவாசம் இருந்தார்கள், முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். இயேசு தம் சீஷர்கள் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் ஆராதனையில் ஆயர் சபையார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். போன வருஷம்தான் ஆராதனையை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள். அன்று பார்த்து வெல்டிங் வேலை செய்யும் ஒருவர் பட்டறையிலிருந்து நேராக வந்து காலை நீட்டிவிட்டார். தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. வெளியூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருத்தி “சீ!” என்று எழுதினாள். அந்த ஓரெழுத்து விமர்சனம் சபையின் அஸ்திவாரத்தையே ஆட்டிவிட்டது.

ஆகவே இந்த வருஷம் லெந்து தொடங்கிய சாம்பல் புதன் அன்றே, நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள், “பாதத் தேர்வு உபகமிட்டி” அமைக்கப்பட்டது. அதற்குச் செருப்புக் கடைக்காரர் தலைவரானார். கால்களுக்கும் ஒரு தலை வேண்டுமல்லவா! அவர் பெயரை முன்மொழிந்தவர் அவருடைய மனைவியின் அண்ணன், கட்டட கான்ட்ராக்டர்.

“நம்ம மாப்ள கைபடாத காலே இந்த ஊர்ல கிடையாது” என்றார் கான்ட்ராக்டர்.

கடைக்காரர் கூச்சத்தோடு தலை குனிந்தார். குனிந்த இடத்தில் எல்லாருடைய கால்களும் தெரிந்தன. அந்த நிமிஷமே பணியைத் தொடங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஞாயிறு பள்ளி அறையில் தேர்வு நடக்கும். குழந்தைகளின் குட்டை நாற்காலிகளில் பெரியவர்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

“குதிகால் வெடிச்சிருக்கே?”

“நடக்கிற கால் சார், வெடிக்கத்தான் செய்யும்.”

“நடந்ததை ஆண்டவர் மன்னிப்பார். கேமரா மன்னிக்காது!”

தேர்வானவர்களின் தாழ்மையோ கண்ணீரை வரவழைத்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், “நான் தூசி, நான் அற்பன். எனக்கு முதல் நாற்காலியெல்லாம் வேண்டாம். கேமராவுக்கு நேரா எது வருதோ, அதுல ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்” என்றார். ஒவ்வொரு நாற்காலியும் ஒரு சீஷருடைய இடம்; கான்ட்ராக்டர் தலைமைச் சீஷருடையதைக் கேட்டார். அந்தச் சீஷர் மட்டும்தான் தன் காலைக் கழுவ வேண்டாம் என்று மறுத்துப் பேசுவார். அதனால் சட்டையில் மைக் மாட்டுவார்கள்.

“‘வேண்டாம்’னு சொல்ற இடம் எனக்குத்தான் வேணும்” என்று அவர் மேசையைத் தட்டினார். கொடுத்துவிட்டார்கள்.

பதினோரு நாற்காலிகள் நிரம்பின. பன்னிரண்டாவதில்தான் இடறல். அது ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனுடைய இடம். யாரைக் கேட்டாலும் கும்பிட்டு விலகினார்கள்.

“பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம். சம்பந்தி வீட்ல நேரலை பாப்பாங்க” என்றார் வங்கி மேலாளர்.

கடைசியில், அந்த நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்து ஒரு பூச்சாடி வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமானது. பூச்சாடிக்குச் சம்பந்தி வீடு கிடையாது.

கடைக்காரர் இதையெல்லாம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியால் அவர் காலில் ஆறாத புண். தினமும் கட்டு மாற்றுவது மருமகள். அவர் கோயிலுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது.

“டேய், ஒரு இடம் காலியாத்தானே இருக்கு? என் காலைக் கழுவச் சொல்லேன்.”

“கமிட்டியில வைக்கிறேன்ப்பா.”

“காலையா?”

வைத்தார். கமிட்டி உருகிப்போனது. “மாமா காலு எனக்குச் சொந்தக் காலு மாதிரி” என்றார் கான்ட்ராக்டர். “ஆனா கட்டைப் பிரிச்சா, நேரலை பாக்கிறவங்களுக்குச் சாப்பாடு இறங்குமா?”

“அன்னைக்கு உபவாசமாச்சே” என்றார் தலைமையாசிரியர்.

“நமக்குத்தான் உபவாசம். பாக்கிறவங்களுக்குமா?”

கழுவுவதற்குப் பதிலாக, அந்தக் காலுக்காகச் சபை முழுவதும் எழுந்து நின்று விசேஷ ஜெபம் செய்வதென்று முடிவானது.

“எந்தக் கால்?” என்று ஆயர் கேட்டார்.

கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

“இடது கால்ங்க” என்றாள் மனைவி. “ஆரம்பத்துல இருந்தே இடது கால்தான்.”

அந்த வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் ஜெபத்தை ஏறெடுத்தார். “ஆண்டவரே, அந்த இடது காலை நீர் அறிவீர்!” என்று அவர் கதறியபோது சபையே விம்மியது. ஆண்டவர் முன்பே அறிந்திருந்தார். கடைக்காரர் சற்று முன்புதான் அறிந்திருந்தார். அவரும் விம்மினார்.

வீட்டுக்கு வந்து, “அப்பா, உங்க காலுக்காக இன்னைக்குச் சபையே எழுந்து நின்னுச்சு!” என்றார்.

“ரொம்ப சந்தோஷம்ப்பா. என்னை எழுப்பி நிறுத்தத்தான் யாரும் வரல.”

பெரிய வியாழன் வந்தது. பதினோரு பேரும் அழகு நிலையத்தில் காலைத் தேய்த்து, நகம் சீவி, வெள்ளை உடையில் வரிசையாக அமர்ந்தார்கள். வாசனைத் தண்ணீர் இளஞ்சூட்டில் தயாராக இருந்தது. ஆயர் மண்டியிடுவதற்கு மெத்தை போட்டிருந்தார்கள். அத்தனை சுத்தமான கால்களைக் கழுவுவது எப்பேர்ப்பட்ட தாழ்மை! தண்ணீர் கடைசிவரை கண்ணாடியாக இருந்தது. கான்ட்ராக்டர் தம்முடைய “வேண்டாம்”-ஐ மூன்று விதமான குரலில் சொல்லிவிட்டு, காலை நீட்டினார்.

அப்போது பக்கவாசல் திறந்தது. மருமகள் பிடித்துக்கொள்ள, வாக்கரை நகர்த்தி நகர்த்தி அப்பா உள்ளே வந்தார். நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. பக்கத்தில் ஒரு நாற்காலி தெரிந்தது. பூச்சாடியைத் தூக்கி, அடுத்த நாற்காலியிலிருந்த கான்ட்ராக்டர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

கேமரா சட்டென்று மின்விசிறியைக் காட்டத் தொடங்கியது. ஆயர் கிண்ணத்தோடு நின்றார். காலைப் பார்க்கவில்லை, கமிட்டியைப் பார்த்தார். அனுபவசாலி அல்லவா, உடனே அறிவித்தார்: “அன்பானவர்களே, எல்லாரும் கண்களை மூடி மவுனமாக ஜெபிப்போம்.”

சபை கண்ணை மூடியது. கடைக்காரர் குனிந்தபடியே ஓடி, அப்பா முன்னால் மண்டியிட்டார். மூக்குக்கு நேரே அந்தக் கட்டு. மனைவி மடித்துக் கட்டிய சீரான மடிப்புகள், மருந்து வாடை, கீழே வீங்கிய விரல்கள். இவ்வளவு கிட்டத்தில் அவர் அதைப் பார்த்ததேயில்லை. கை தானாக அந்தக் காலை நோக்கிப் போனது. பக்கத்தில் கான்ட்ராக்டர் இருமினார். போன கை பாதியில் திரும்பி, வெள்ளைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டது.

“அப்பா, எந்திரிங்க. இது காட்டிக்கொடுத்தவன் நாற்காலி.”

“தெரியும்டா. இதுல உக்கார ஆளே கிடைக்கலன்னு நீ சொன்னப்பவே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.” அப்பா மகனுடைய காதருகே சாய்ந்து ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் கான்ட்ராக்டர் சட்டையிலிருந்த மைக் அதையும் வாங்க, அது நாலு ஒலிபெருக்கிகளிலும் கணீரென்று ஒலித்தது:

“உங்க கமிட்டியில தேடிப் பாக்கவே இல்லையா?”

ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்த சபை, கண்ணைத் திறக்காமலே, ஒரே குரலில் சொன்னது:

“ஆமென்.”