கோரைப்பல்லும் கருப்புக் கண்ணாடியும்

ஒரு காட்டில், பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்த புலி ஒன்று, "நான் அழல, லைட்டு கண்ணுல அடிக்குது" என்று அழுதுகொண்டிருந்தது.

அதன் கோரைப்பல் ஒன்று போயிருந்தது. எப்படி என்றால், ஆமையைக் கடித்தது. ஓட்டோடு. வேறென்ன சொல்ல?

பல் போனதுகூடப் பரவாயில்லை. அந்தச் சந்து வழியாகக் காற்று போய், உறுமினால் விசில் அடித்தது. மான்கள் ஓடுவதை விட்டுவிட்டு, "குக்கர் வந்துடுச்சு, அடுப்ப அணைங்கடி!" என்று சிரித்தன. சிரிக்கிற மானைத் துரத்தப் புலிக்கு வெட்கம். ஒரு வாரமாகக் கேழ்வரகுக் கூழ்தான்.

டாக்டர் ஒரு முயல். பெயர் செண்பகவல்லி.

"பயப்படாதீங்க சார். கத்தியே கிடையாது. லேசர் ஒளியாலேயே ஈறைத் திறப்பேன், ரத்தம் அவ்வளவா வராது. அப்புறம் எலும்புல ஒரு திருகாணி, அதுமேல புதுப் பல்."

"வலிக்குமா டாக்டரம்மா?"

"மரத்துப்போக ஊசி போட்டாச்சே. ஆமா, பல்லு வந்ததும் யாரைச் சாப்பிடுவீங்க?"

"முதல்ல அந்த மானுங்களை. நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டேன். உங்களைக் கடைசியாத்தான் சாப்பிடுவேன்."

முயல் வாசல் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டது. ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை. கருப்புக் கண்ணாடி ஒன்றை நீட்டியது.

"லேசர் வெளிச்சம் கண்ணுல படக்கூடாது. இதைப் போட்டுக்கோங்க, அந்த வெளிச்சமே தெரியாது."

"பல்லுதான் போச்சு, முறைப்பாவது வெளிய தெரியட்டும்."

"சார், தயவுசெஞ்சு போட்டுக்கோங்க."

"புலிக்கே உத்தரவா?"

முயல் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கருவி வேலை செய்கிறதா என்று எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தது. சுவரில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி.

புலி பார்த்தது. புள்ளி லேசாக ஆடியது. புலியின் வால் நுனி ஆடியது. பிறகு பின்பக்கம் முழுசும் ஆடியது.

"சார், அசையாதீங்க."

"நான் எங்க அசையறேன்?" என்றபடியே புலி பாய்ந்தது. என்ன இருந்தாலும் பூனைக் குடும்பம்தானே.

புள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிச்சமிருந்த கோரைப்பல்தான் தரையில் உருண்டது.

புலி வெளியே ஓடி வந்து, கோபத்தில் உறுமியது. இப்போது இரண்டு சந்து. புதருக்குப் பின்னாலிருந்து ஒரு மான் கத்தியது: "ஏய், இன்னிக்கு ரெண்டு குக்கர்டி! விருந்தாளி வந்திருக்காங்க போல!"

உள்ளே, நாற்காலியில் கருப்புக் கண்ணாடி மடித்தது மடித்தபடியே கிடந்தது. முயல் இரண்டு தடவை சொன்னது, அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி. புலி போடவில்லை.

நீதி: பெரிய ஆட்கள் டாக்டர் பேச்சைக் கேட்காதவரைக்கும்தான் சின்ன ஆட்களுக்கு ஆயுசு. அதனால் அவர்களை ரொம்ப வற்புறுத்தாதீர்கள்.