சரளாவுக்கு மருந்து

பெண் கேட்க நினைக்கிற வீட்டில் சுருக்கமாகப் பேசவே கூடாது. விலாவாரியாக உளறியவனைக்கூட மாப்பிள்ளையாக ஏற்றிருக்கிறார்கள். நான் மொத்தமே இரண்டு சொல் பேசிக் கெட்டேன்.

எழுபதுகளில் நானும் சரளாவும் ஒரே ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்த்தோம். (காதலும் வளர்ந்தது, அதற்குத்தான் பட்டம் கிடையாது.) வெடிமருந்து கலந்து கெட்டுப்போன மண்ணில், அந்த விஷத்தையே தின்று பிழைக்கிற கிருமி உண்டா என்பது எங்கள் தேடல். அந்த விஷம் கரைத்த மஞ்சள் நீரைக் குடுவையில் கலக்கி வைத்தவள் சரளா. கிருமி தின்றால் மஞ்சள் வெளுக்கும். "வெளுத்துச்சுன்னா மொதல்ல என்னைத்தான் கூப்பிடணும், ஆமா!" என்றாள். அந்த "ஆமா"வுக்காக நானே அதைக் குடித்திருப்பேன்.

மண்ணுக்காக மாமல்லபுரம் பக்கத்துக் கல்குவாரி ஒன்றுக்குப் போனேன். நனைந்து வீணான வெடிமருந்தை அங்கே புதைத்திருந்தார்கள். குவாரியில் யாரும் வெடிமருந்து என்று முழுசாகச் சொல்வதில்லை, வெறும் "மருந்து"தான். பகல் முழுக்கக் கேட்டு எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. மஞ்சள் மண்ணை வேரும் தூசுமாக ஊறுகாய் பாட்டிலில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எனக்கு மறுநாளும் குவாரியில் வேலை. பாட்டிலைச் சரளா ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. செங்கல்பட்டில் அவள் வீட்டுக்குப் போனபோது அவள் கடைக்குப் போயிருந்தாள். அம்மா மட்டும் இருந்தார். முதல் சந்திப்பு. நல்ல பையன் என்று அவர் வாயால் வந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அவர் காபி போடப் போன நேரம், வெயிலில் கிருமி செத்துவிடுமே என்று, தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈர மணலில் பாட்டிலைச் செருகினேன்.

"பானைகிட்ட குந்திக்கினு இன்னா தம்பி பண்ற?" அம்மா பின்னால் நின்றிருந்தார்.

பதறி எழுந்தேன். "மருந்து."

"மருந்தா? யாருக்கு?"

"சரளாவுக்கு."

(சரளாவிடம் கொடுக்க என்று பொருள்.)

பாட்டிலை எடுத்துப் பார்த்தார். மஞ்சள் மண், தலைமுடி மாதிரி வேர். பெண்ணை மயக்கச் சோற்றில் கலக்கிற மருந்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

"ஐயையோ, எம் பொண்ணுக்கு மருந்து வைக்க வந்துகீறான்!" தெருவே கூடிவிட்டது.

சரளா ஓடி வந்தாள். "அம்மா, அவரு ரொம்ப நல்லவரும்மா! அது லேப் மண்ணு!"

"பாத்தீங்களா? மருந்து உள்ள பூந்துகீது. அதான் இப்டி பேசுது!"

அதற்குமேல் அவள் எனக்காக எது சொன்னாலும் மருந்து வேலை செய்வதாகவே ஆனது. நான் பாட்டிலைப் பறித்துக்கொண்டு ஓடினேன்.

வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப்போய் அவளுக்குப் பச்சிலைச் சாறு கொடுத்தார்களாம். காலையில் தின்ற இட்லி வந்தது; அதுதான் மருந்து என்று காட்டினாராம். ஆய்வுக்கூடத்தில் தன் சாமான்களை எடுக்க வந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள். அடுத்த முகூர்த்தத்திலேயே தாய்மாமனோடு கல்யாணம்.

அந்த மண்ணில் கிருமி இருந்தது. ஒரு காலையில் அவள் கலக்கிய மஞ்சள் நீர் வெறும் தண்ணீராகத் தெளிந்து நின்றது. கூப்பிட ஆள் இல்லை. நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துப் பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

என் மனைவிக்கும் மகளுக்கும் இந்தக் கதை மனப்பாடம். நான் காபி போட்டு நீட்டினால் போதும், "மொதல்ல நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க" என்பாள் மனைவி. வீடே சிரிக்கும். நானும் குடித்துக் காட்டுவேன்.

போன பொங்கலன்று நான் காபி போட்டு எடுத்துவந்தபோது மகள் கேட்டாள்: "அந்த சரளா ஆன்ட்டி இப்ப எங்கப்பா இருக்காங்க?"

"தெரியாதும்மா" என்றேன். நிஜமாகவே தெரியாது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடித்துக் காட்டச் சொல்லாமலே என் கையிலிருந்த காபியை வாங்கிக் குடித்துவிட்டாள்.