ராசாவுக்கும் அத்திவாரம் மட்டுந்தான்

மருதமுனை,
18 ஜனவரி 1981.

கண்ணியத்துக்குரிய மச்சான் றவூப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குவைத் வெயிலிலும் தாங்கள் உடல் சுகத்தோடு இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். இங்கு உங்கள் தங்கை றுகையாவும் எங்கள் மகள் சுல்பிகாவும் நல்ல சுகம். எனக்குத்தான் முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. அதற்குக் காரணம் ஒரு ராசா. அவருடைய கதையைச் சொல்லவே இக்கடிதம்.

சுல்பிகாவுக்குச் சீதனமாக நான் ஒப்புக்கொண்ட கல்வீடு சூறாவளியோடு போனதும், இரண்டு வருடமாக வளவுக்குள் அத்திவாரம் மட்டும் புல் முளைத்துக் கிடப்பதும் தாங்கள் அறிந்ததே. வீடில்லாமல் எந்த முகத்தோடு கலியாணத் தேதி கேட்பது? மாப்பிள்ளை மசூர் தங்கமான வாத்தியார். வேறு ஆரும் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்குச் சோறு இறங்குவதில்லை. அப்படி இருக்கையில் அவருடைய உம்மா, சபியா உம்மா, "சிகிரியாவுக்கு வேன் பிடிச்சிரிக்கம், குடும்பத்தோட வாங்க" என்று ஆள் அனுப்பினா. சம்பந்தத்த முறிக்கத்தான் கூட்டிப் போறா, ஊருக்குள்ள வெச்சுச் சொன்னா சத்தம் வருமெண்டு நினைச்சன்.

போற வழியில வாழைச்சேனைக்கு அங்கால வேன் நிண்டுட்டு. டிரைவர் செல்லத்தம்பி, "இறங்கித் தள்ளுங்க" எண்டார். நல்ல பேர் எடுக்கணுமே, எல்லாருக்கும் முந்தி நான்தான் தள்ளினன். வேன் கிளம்பிட்டு, என்ட புதுச் சாரன் கதவில மாட்டிட்டு, நானும் வேனோட ஓடுறன், சபியா உம்மா யன்னலால பாத்துக்கிட்டிரிக்கா! மானம் போன கதைய இதுக்கு மேல எழுத மாட்டன்.

ஆனா மச்சான், அங்க போய் இறங்கினா, அந்தப் பெரிய கல்லுமலைக்குக் கீழ என்ன தோட்டம்! குளமும் வாய்க்காலுமா, தண்ணிக்கு நடுவில மேடு. ராசா கோடைக்குக் குளிர்ச்சியா இரிக்கக் கட்டின மாளிகையாம். "இத எந்த மகளுக்குக் குடுத்தார்?" எண்டு வழிகாட்டிக்கிட்டக் கேட்டன். மசூர் தம்பி சிங்களத்தில கேட்டுச் சொன்னார். ராசா தனக்குத்தான் கட்டினாராம்! பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டாம தனக்கு மாளிகை கட்டினவரெல்லாம் ஒரு ராசாவா? சரி போகட்டும், "மாளிகை எங்க?" எண்டன். "நீங்க நிக்கிறதுதான்" எண்டார். குனிஞ்சு பாத்தன். அத்திவாரம்! செங்கல் அத்திவாரம், அதுக்கு மேல புல்லு. எங்கட வளவேதான் மச்சான்!

எனக்கு வந்த உசாரச் சொல்லேலாது. "ராத்தா, இஞ்ச பாருங்க!" எண்டு சபியா உம்மாவப் பாத்துக் கத்திட்டன். "ராசாவுக்கே அத்திவாரம் மட்டுந்தான்! அதுக்கு வெள்ளைக்காரனெல்லாம் வந்து படமெடுக்கான்! என்ட அத்திவாரம் புதிசு, சீமெந்தில போட்டது!" நேரத்தப் பாருங்க, அப்பதான் தூறிக்கிட்டிருந்த மழையும் உரத்துக் கொட்டிச்சு, ராசா காலத்து நீரூற்றுக் கல்லாம், அதில இருந்த ஓட்டையால தண்ணி பீச்சி அடிச்சு என்ட வாய்க்குள்ளயே போயிட்டு. சபியா உம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணத் துடைச்சா. மறுகா சொன்னா: "வேளாண்ம வெட்டு முடிய கலியாணத்த வைப்பம் தம்பி. ஊடு மெல்ல எழும்பட்டும். அதுவரைக்கும் மசூர் ஒங்கட ஓலைக்குடில்ல இரிப்பான்." யா அல்லாஹ், நான் அழுதிட்டன் மச்சான். மழையில ஒருத்தருக்கும் தெரியல்ல.

அந்தச் சந்தோசத்தில கல்லுமலைக்கு உச்சி வரைக்கும் ஏறினன். நடுவழியில பாறையில அந்தக் காலத்தில வரைஞ்ச பொம்புளப் படங்கள் இரிக்காம். உங்கட தங்கச்சி முந்தானையால என்ட கண்ண மூடிட்டா, அதால அதப்பத்தி எழுத ஒண்டுமில்ல. ஏறினது நான், இறக்கினது மசூர் தம்பி, முதுகில சுமந்து.

ஒரு சம்பந்தத்தக் காப்பாத்த மூளை வேணும். அது என்னட்ட இரிக்கெண்டு உங்கட தங்கச்சி இப்பதான் ஒத்துக்கிட்டா. கெதியா லீவு எடுத்து வாங்க. வல்ல அல்லாஹ் தங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,
முழங்கால் நோவோடும் மனநிறைவோடும்,
தங்கள் மச்சான்
அப்துல் ஸமட்

பி.கு.: மாமா, நான் சுல்பிகா. விலாசத்த இங்கிலீசில எழுதச் சொல்லி வாப்பா கடிதத்த என்னட்டத் தந்தார். ஒட்ட முந்தி இத எழுதுறன். கலியாணத் தேதிய உம்மாவும் சபியா மாமியும் போன மாசமே குறிச்சிட்டாங்க. ஊடு வேணுமெண்டு அங்க ஒருத்தரும் கேக்கல்ல. அதச் சொன்னா, இரக்கப்பட்டுச் சொல்றாங்க எண்டு வாப்பா சோத்துக் கோப்பைய விட்டு எழும்பிருவார். அதாலதான் மாப்பிள ஒரு வழி சொன்னார்: பள்ளிக்கூடப் புள்ளைகளோட போன இடத்தில வெறும் அத்திவாரமா ஒரு மாளிகை கிடக்கு, அங்க கூட்டிப் போவம், வாப்பாவே வாயத் திறக்கட்டும் எண்டு. நாங்க எல்லாரும் அதுக்குத்தான் மழையில காத்துக்கிட்டு நிண்டம். இதெல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பதில் எழுதிப்போடாதீங்க. ரெண்டு வருசமா மாமியிட தெருவால போனா வாப்பா குடைய முகத்துக்குச் சரிச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவார். நேத்து அதே தெருவால, குடைய மடிச்சுக் கக்கத்தில வெச்சுக்கிட்டு, எல்லாருக்கும் சலாம் சொல்லிக்கிட்டுப் போனார் மாமா. நல்ல மழை.